மேல்தட்டு யன்னலோரம் வைத்த பை

1

ஊரிலிருக்கிற எல்லாருக்கும்: நான் நல்ல சுகம். சுகமாக இருந்துகொண்டே கோபமாகவும் இருக்கிறேன். இரண்டும் ஒரு உடம்பில் சேர்ந்து இருக்க ஏலாது என்கிறாள் மருமகள் சுமதி. ஏலும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். எனக்கு எழுத்து வாசிப்பு ஒன்றும் தெரியாது என்பது உங்களுக்குப் புதிதல்ல. இதில் அவளுடைய புருசனை, அதாவது என் மகன் சசியை, நான் திட்டப் போகிறேன் என்று முதலே சொல்லிவிட்டேன். ஒரு சொல்லும் விடாமல் எழுதுவேன் என்று பிள்ளையார் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

கனடாவுக்கு வந்து இந்த மாதத்தோடு ஒன்பது வருசம். நம்முடைய உப்புவெளியிலிருந்து யார் ரெலிபோன் எடுத்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள், அங்கே என்ன பிடித்திருக்கிறது என்று. இரண்டு சாமான் பிடித்திருக்கிறது. ஒன்று, குழாயைத் திறந்தவுடன் வருகிற சுடுதண்ணீர். மற்றது கோச்சி. இந்தப் பிள்ளைகள் அதை ரெயின் என்பார்கள். எனக்கு அது கோச்சிதான்.

2

எங்கள் ஊர்க் கோச்சி மாதிரி இல்லை இது. வீட்டுக்கு மேல் வீடு கட்டின மாதிரி, பெட்டிக்கு மேல் பெட்டி. கதவால் ஏறினால் கீழ்தட்டு. படி ஏறினால் நடுவில் ஒரு சின்னத் தட்டு, அங்கிருந்துதான் அடுத்த பெட்டிக்குப் போகிற வழி. இன்னும் நாலைந்து படி ஏறினால் மேல்தட்டு. பெட்டியின் இரண்டு அந்தத்திலும் படி இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகிற சனம் எல்லாம் இதில்தான். ஒரு பெட்டிக்குள் அத்தனை பேரும் மேலும் கீழுமாக அடுக்கி வைத்த மாதிரி இருப்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். இவ்வளவு சனம் இருந்தும் சத்தமில்லாத கோச்சியை நான் இங்கேதான் கண்டேன். முதல் நாள் பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு ஒரு தோடம்பழம் நீட்டினேன், அவள் பயந்துபோய் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டாள். அதை விடுவோம்.

என் முழங்கால் படி ஏற விரும்பாது. ஆனாலும் நான் மேலேதான் போவேன். காரணம் இருக்கிறது. கீழ்தட்டு யன்னலால் பார்த்தால் நிலையத்தில் நிற்கிற ஆட்களின் இடுப்பும் பையும்தான் தெரியும், மிச்ச நேரம் மதில். பெயர்ப் பலகை தெரிந்து எனக்கு என்ன? குரல் ஒன்று ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் சொல்லும், எனக்கு எல்லாம் ஒரே சத்தம். ஊரில் பஸ்ஸில் நடத்துனர் கதவில் தொங்கிக்கொண்டு மூதூர், தோப்பூர் என்று கத்துவார், எழுத்துத் தெரியாதவளும் சரியான இடத்தில் இறங்குவாள். இங்கே எனக்குக் கத்துவது மேல்தட்டு யன்னல்தான்.

முதலில் பச்சை முடி வைத்த ஒரு தேவாலயம். பிறகு மஞ்சள் பள்ளிக்கூட பஸ்கள் வரிசையாக நிற்கிற வளவு. பிறகு வலக்கைப் பக்கம் ஏரி திறக்கும். ஏரி என்கிறார்கள், அக்கரை தெரியாது, கடல்தான். சீனன்குடா தாண்டும்போது நம்முடைய கோச்சி தண்ணீரை ஒட்டிப் போகுமே, அதே மாதிரி. உப்பு மணம் மட்டும் இல்லை. அதற்குப் பிறகு காளான் மாதிரி ஒரு வெள்ளைத் தண்ணீர்த் தாங்கி. அதைக் கண்டவுடன் எழும்பி, கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கத் தொடங்கினால், கதவு திறக்கிற நேரத்துக்குக் கீழே நிற்பேன்.

அந்த நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம். அங்கே என் புருசனின் தங்கை பூமணி மச்சாள் இருக்கிறாள். எனக்கு முன்னமே இந்த நாட்டுக்கு வந்தவள், வேலை செய்தவள், இங்கிலிஸ் கதைத்தவள். இப்போது மறதி வருத்தம் வந்து எல்லாம் போய்விட்டது, தமிழ் மட்டும் மிஞ்சி நிற்கிறது. அங்கே தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை. அவர்கள் கரண்டியை நீட்டினால் இரண்டு வாயோடு மூடிக்கொள்வாள். வியாழக்கிழமை நான் போய்ப் புட்டும் மீன் குழம்பும் குழைத்து, "ஆ காட்டு மச்சாள்" என்றால் காட்டுவாள். என்னைச் சிலநேரம் அம்மா என்பாள், சிலநேரம் ஆர் பெத்த பிள்ளை நீ என்பாள். எனக்கு அது பிரச்சினை இல்லை. சாப்பிடுகிறாள், அதுதான் கதை.

நாலு வருசமாக ஒரு வியாழன் விட்டதில்லை. பனியிலும் போனேன். பனிக்காலத்தில் மஞ்சள் பஸ்கள் வெள்ளையாகிவிடும், அவற்றின் முதுகை வைத்துக் கண்டுபிடிப்பேன்.

3

இனி அந்த நாள்.

ஊரில் கோச்சியில் இடம் பிடிக்கிறது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோச்சி நிற்க முதலே யன்னலால் முகம் துடைக்கிற லேஞ்சியை எறிந்தால் அந்த இருக்கை உங்களுடையது. லேஞ்சி இல்லாவிட்டால் துவாய், பை, பிள்ளையின் தொப்பி. ஒருமுறை கொழும்புக்குப் போகும்போது பூமணி மச்சாள் தன் செருப்பைக் கழற்றி எறிந்து இடம் பிடித்தாள். அந்தச் செருப்பு ஒரு சிங்கள ஐயாவின் மடியில் விழுந்தது. அவர் கோபிக்கவில்லை, அதை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்துக் காவல் இருந்தார். பிறகு கல்லோயாச் சந்தியில் எங்களுக்கு வடை வாங்கித் தந்தார். ஒருவர் சாமான் வைத்த இடத்தில் மற்றவர் இருக்க மாட்டார். அது மரியாதை.

அன்றைக்கு எனக்கு மேல்தட்டில் ஏரிப்பக்க யன்னலோரம் கிடைத்தது. மடியில் பை. பைக்குள் மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியர், சூடு போகாமல் துணியால் இறுக்கிச் சுற்றி, நாலு முடிச்சுப் போட்டது. பாதி வழியில் சலம் முட்டியது. கழிப்பறை கீழ்தட்டில். எழும்பிப் போனால் இடம் போய்விடும், இடம் போனால் நான் எங்கே இறங்குவேன்? பையை இருக்கையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, எதிரில் இருந்தவருக்குக் கையால் காட்டினேன், பார்த்துக்கொள் என்று. அவர் தலையாட்டினார் என்று நினைத்தேன். இறங்கிப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது மற்ற அந்தத்துப் படியால் ஏறி, நடுத்தட்டில் திரும்பி, அடுத்த பெட்டிக்குள் போய்விட்டேன் போல. ஏறிப் பார்த்தால் என் இருக்கையும் இல்லை, பையும் இல்லை. இருக்கிறவர்கள் வேறு. மறுபடி இறங்கினேன், மறுபடி ஏறினேன். அதற்குள் கோச்சி நின்றுவிட்டது. நிலையத்தில் இல்லை, இடைவழியில். பிறகு மெல்ல ஊர்ந்து அடுத்த நிலையத்துக்குப் போனது. எல்லாரையும் இறக்கினார்கள்.

அவ்வளவு சனமும் நிலையத்தில். ஒரு நாய் வந்தது. நாய்க்குப் பின்னால் தடித்த உடுப்புப் போட்ட ஒருவன் மேல்தட்டுக்கு ஏறினான். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தால் அவன் என் பையை நீட்டிப் பிடித்தபடி இறங்கி வந்தபோதுதான் விளங்கியது. நான் கையை உயர்த்திக்கொண்டு, என்ரை பை, என்ரை பை என்று ஓடினேன். இரண்டு பொலிஸ் என்னை மறித்தது.

ஊரில் எத்தனை வருசம் என் பையைத் திறந்தார்கள். சந்திக்குச் சந்தி ஆமிக்காரனின் சென்றி. அரிசிப் பையைக் கம்பியால் குத்திப் பார்த்தான், சோற்றுப் பார்சலை விரித்துப் பார்த்தான், பிள்ளையின் பால்மாவைக் கொட்டிப் பார்த்தான். பஸ்ஸில் ஆளில்லாத பை கிடந்தால் குண்டு என்று நாங்களே கத்தி இறங்கி ஓடியிருக்கிறோம். அப்படி ஓடின நானா இந்த வேலை பார்த்தேன்? ஓம், நான்தான். சண்டை முடிந்து, அங்கேயும் இங்கேயுமாகப் பதினைந்து வருசம் பயமில்லாமல் இருந்தால் பழைய வழக்கம்தான் முதலில் எழும்பி வருகிறது போல, லேஞ்சி எறிகிற வழக்கம். அது என் பிழை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடிச்சை அவிழ்த்து, புட்டு என்று கண்ட பிறகும் அதை ஏன் குப்பை வாளிக்குள் கொட்டினார்கள்? அன்றைக்கு மச்சாள் சாப்பிடவில்லை.

ஒரு பொலிஸ்காரி நல்லவள். குனிந்து என்னோடு கதைத்தாள். கடதாசி எடுத்தாள். நான் விரலைக் காட்டிக் காட்டி, மகனின் ரெலிபோன் இலக்கம் பத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் எழுதினாள். அரை மணித்தியாலத்தில் சசி வந்தான்.

வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களோடு இங்கிலிஸில் என்னவோ சொன்னான். சொன்னவுடன் எல்லாருடைய முகமும் மாறியது. பொலிஸ்காரி என் முதுகைத் தடவினாள். பெரிய சத்தமாக, மெதுவாக, ஒன்றரை வயதுப் பிள்ளையோடு கதைக்கிற மாதிரி என்னோடு கதைத்தாள். எங்களைப் போகவிட்டார்கள். என் மகன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று காருக்குள் இருந்து நினைத்துக்கொண்டு வந்தேன்.

4

நாலு நாளால் வீட்டுக்கு ரெலிபோன் வந்தது. பேத்தி ஆரணி எடுத்தாள். பதினாறு வயது. தமிழ் விளங்கும், கதைக்கும்போது கல்லில் நடக்கிற மாதிரி நின்று நின்று வரும். அவள் ரெலிபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பம்மா, உங்களுக்கு மறதி வருத்தமாம். அப்பா பொலிசுக்குச் சொல்லியிருக்கிறாராம். ஒரு ஆள் வந்து உங்களைச் சோதிக்கப் போறாவாம்."

மச்சாளின் வருத்தம். எனக்கு.

சசி வேலையால் வரும்வரை குசினிக் கதிரையில் இருந்தேன். தேத்தண்ணீர் குடிக்கவில்லை. வந்தவன் சப்பாத்துக் கழற்றவிடாமல் கேட்டேன்.

"சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான் அம்மா," என்றான். "இல்லாட்டி பொலிஸ், கோடு, கச்சேரி எண்டு இழுபட்டிருப்பம். ஒரு கோச்சி முழுக்க நிண்டது உங்களாலை."

"எனக்கு மறதி எண்டால், உன்ரை இலக்கம் பத்தையும் அந்தப் பொம்பிளைக்குச் சொன்னது ஆரடா?"

அவன் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினான். சுமதி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓம், நீ அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாய், அதையும் எழுது.

இனிமேல் தனியக் கோச்சியில் போகக்கூடாது, வியாழக்கிழமையில் தானே காரில் கூட்டிப் போவதாகச் சொன்னான். முதல் வியாழன் கூட்டம் இருந்தது. இரண்டாவது வியாழன் கார் பழுது. மூன்றாவது வியாழன் அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதியோர் இல்லத்திலிருந்து அவனுக்குச் செய்தி வந்ததாம், இரண்டு நாளாக மச்சாள் தண்ணீர் மட்டும் குடிக்கிறாள் என்று. அதைச் சுமதிதான் எனக்கு ஒளித்துச் சொன்னாள்.

5

சோதிக்க வந்தவள் ஒரு தாதி. நல்ல சிரிப்பு. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்தாள், அதிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ரெலிபோனுக்குள் ஒரு தமிழ் ஆம்பிளைக் குரல் இருந்தது, அவள் சொல்வதை எனக்கும் நான் சொல்வதை அவளுக்கும் மாற்றிச் சொல்ல.

இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். சொன்னேன். எந்த நாடு, எந்த நகரம். சொன்னேன். இப்போது என்ன பருவகாலம் என்றாள். ஊரில் கச்சான் காற்று வீசத் தொடங்கியிருக்கும், மீன்காரர் வள்ளத்தை மறுபக்கம் மாற்றுவார்கள் என்றேன். ரெலிபோன் குரல் இங்கிலிஸில் என்னவோ சுருக்கமாகச் சொன்னது. அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது, தாதி கடதாசியில் ஒரு குறுக்குக் கோடு போட்டாள்.

பிறகு பேனையைத் தந்து ஒரு மணிக்கூடு கீறச் சொன்னாள். நான் எந்தக் காலத்தில் பேனை பிடித்தேன்? கையெழுத்துக்குப் பெருவிரல் வைக்கிறவள். வட்டம் ஒன்று வந்தது, தோசை மாதிரி. அதற்குள் இலக்கம் போடத் தெரியாது. குறுக்குக் கோடு. அடுத்தது, மனதில் வருகிற ஒரு வசனத்தை எழுதட்டாம். எந்தப் பாசையிலும் பரவாயில்லையாம். என் மனதில் நிறைய வசனம் வந்தது, எல்லாம் என் மகனைப் பற்றி. ஒன்றையும் எழுதத் தெரியாது. குறுக்குக் கோடு.

நான் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அந்தக் குரலுக்குச் சொன்னேன். அவர் சொன்னாரோ இல்லையோ. தாதி என் கையைப் பிடித்து அழுத்தினாள். போகும்போது வாசலில் சசியோடு கதைத்தாள். இது எப்போது தொடங்கியது, முன்பு எழுதுவாரா, படிப்படியாகவா குறைந்தது என்று கேட்டாளாம். சசி என்ன சொன்னான் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. தோளைக் குலுக்கினான். பொய்யை ஒருதரம் சொன்னவனுக்கு இரண்டாம் தரம் வாய் திறக்கவும் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை அந்தக் கடதாசி மேலிடத்துக்குப் போய்விடுமாம். போனால் நான் தனிய வெளியே போகக்கூடாத ஆள் என்று எழுத்தில் வந்துவிடும். பிறகு யார் வந்து அதை அழிப்பது?

6

நான் கத்தவில்லை. ஊரில் நான் கத்தினால் மூன்று வளவுக்குக் கேட்கும், உங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் மேசையில் இருக்கும்போது என் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"அந்தத் தாதி இலக்கம் தந்திட்டுப் போனவ. நாளைக் காலமை வேலைக்குப் போக முதல் எடு. எடுத்து உண்மையைச் சொல்லு. சொல்லும்வரை இந்த வீட்டிலை எனக்குத் தண்ணியைத் தவிர ஒண்டும் வேண்டாம். மச்சாளும் அதுதானே செய்யுறா."

"அம்மா, பொலிசுக்குப் பொய் சொன்னதெண்டு என்னைப் பிடிப்பாங்கள்."

"பிடிக்கட்டும். நான் புட்டுக் கொண்டுவந்து தாறன்."

ஆரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சசி அவளை முறைத்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இங்கிலிஸில் தகப்பனுக்கு என்னவோ நீளமாகச் சொன்னாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. என்ன சொன்னாள் என்று கேட்டேன். அப்பம்மா ஒருதரம் என்னைத் தனிய மேல்தட்டிலை கூட்டிக்கொண்டு போனவ, எனக்கு முதல் அவதான் எல்லா இடமும் சொன்னவ என்று சொன்னாளாம்.

திங்கட்கிழமை காலை சசி ரெலிபோன் எடுத்தான். நான் அவனுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். எனக்கு இங்கிலிஸ் தெரியாது என்று அவன் நினைத்ததைச் சொல்லிவிட்டு வைக்கக்கூடாதே. ஆரணியைப் பக்கத்தில் நிற்கவைத்து, ஒவ்வொரு சொல்லையும் எனக்குச் சொல் என்றேன். பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று அவளே நின்றாள்.

"அப்பா வணக்கம் சொல்லுறார்," என்றாள். "இப்ப சொல்லுறார், அம்மாக்கு மறதி ஒண்டும் இல்லை. நான் பொலிசுக்குச் சொன்னது பொய். அம்மா ஒருநாளும் பள்ளிக்கூடம் போகேல்லை, எழுதத் தெரியாது, அதாலைதான் மணிக்கூடு கீறேல்லை."

பிறகு தாதி கதைத்தாள். சசி கேட்டுக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் போகாத ஆட்களுக்கு வேறு விதமான சோதனை இருக்கிறதாம், அதை வந்து செய்வாளாம், முதல் கடதாசியை அனுப்ப மாட்டாளாம். ஆரணி சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது சசியின் முகம் சிவந்தது.

"என்ன கேக்கிறா?" என்றேன்.

"அவ கேக்கிறா, அப்ப ஏன் அப்பிடிச் சொன்னீங்கள் எண்டு."

சசி ரெலிபோனைக் காதிலிருந்து எடுத்தான். என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான்.

"வெக்கமாக் கிடந்தது அம்மா. அவ்வளவு சனத்துக்கு நடுவிலை, புட்டுக் கரியரோடை, பொலிஸ் சுத்தி நிக்க நிண்டீங்கள். என்ரை அம்மாக்கு ஒரு பலகை வாசிக்கத் தெரியாது எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. வருத்தம் எண்டு சொல்லுறது லேசாக் கிடந்தது."

எனக்கு இரக்கம் வரத்தான் செய்தது. பெற்ற வயிறு. ஆனாலும் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

"அதை எனக்கு ஏன் சொல்லுறாய்?" என்றேன். "கேட்டது அவ. அவவுக்குச் சொல்லு."

ரெலிபோனைத் திரும்பக் காதில் வைத்தான். சொன்னான். சின்ன வசனம்தான். ஆரணி எனக்குச் சொல்ல வாய் திறந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஒன்பது வருசத்தில் ஒருவரும் மாற்றிச் சொல்லாமல் எனக்கு விளங்கின முதல் இங்கிலிஸ் அது.